உங்கள் அக்கா மேஜையைத் தட்டுகிறாள்

அன்பு மைத்துனருக்கு அத்தான் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கேயும் குழந்தைகள் முதல் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போன் உங்கள் அக்கா கையில் இருக்கிறது. காரணம் நீங்கள்தான்.

போன தடவை வந்தபோது, படுத்தே கிடக்கிறாளே, பொழுது போகட்டும் என்று ஒரு சொல் விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தீர்கள். திரையில் ஒரு சொல் விழும்; கூடவே ஓர் அர்த்தம் வரும். பொய் அர்த்தமென்றால் கண் மூடித் திறப்பதற்குள் சிவப்புப் பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டினால் அது உடைந்து சரியான அர்த்தம் வரும். நான் சரக்குக் கிடங்கில் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை எண்ணிப் பழகியவன். ‘மௌவல்: ஒரு வகை மீன்’ என்று வந்தது. இருக்கும், கடலில் எத்தனையோ இருக்கிறது என்று யோசிப்பதற்குள் ஆட்டத்தில் செத்துப்போனேன். உங்கள் அக்கா டெலிபோன் இணைப்பகத்தில் இருந்தவள், விரல் பறக்கிறது. “மௌவல்னா மல்லிகைங்க. மீனாம் மீன்!” என்று என்னை ஓரங்கட்டிவிட்டாள்.

அது போனோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? இப்போது யார் எதைச் சொன்னாலும் கட்டிலோர மேஜையைப் பட்டென்று தட்டி “தப்பு!” என்கிறாள். மாட்டியவர் சரியான அர்த்தத்தைச் சொல்கிறவரை விடமாட்டாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்த மருமகள் போனில் “இதோ கிளம்பிட்டேன் அத்தை” என்றாள், பட்! “இன்னும் குளிக்கவே இல்லை அத்தை” என்று ஒப்புக்கொண்டது அந்தப் பெண். மேல்வீட்டுக்காரர் “சும்மா உடம்பு விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார், பட்! மனுஷர் ஏணி கேட்டு வந்தவராம். சனிக்கிழமை பையன் தன் மேனேஜரை அழைத்துவந்து, “தங்கமான மனுஷர்மா” என்றான். பட்! “தப்பு! நேத்து சாப்பிடறப்போ வேற அர்த்தம் சொன்னியேடா!” மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்க தம்பி, நானும் தெரிஞ்சுக்கறேன்” என்றார். திங்கட்கிழமை முதல் பையனுக்கு இரவு ஷிப்டு.

இது எங்கே போய் நிற்குமோ என்று பயந்தேன், ஆஸ்பத்திரியில் போய் நின்றது. டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, “சாதாரணக் கட்டிதாம்மா, சின்னதா ஒரு ஆபரேஷன்” என்றார். உங்கள் அக்கா அவர் மேஜையையே தட்டிவிட்டாள். பேனாக் கிண்ணம் கவிழ்ந்தது. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினேன். எவ்வளவு அவமானம்!

மாசக் கடைசியில் ஆபரேஷன். சின்ன விஷயம், லீவு போட்டு அலைய வேண்டாம். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். அந்த விளையாட்டைப் போனிலிருந்து எப்படி அழிப்பது என்று மட்டும் எழுதுங்கள்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் சொல்வதைத் தட்டாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையில் போடும் முன் உங்கள் அக்கா கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ‘சுகமாக இருக்கிறோம்’, ஒரு தட்டு. ‘சின்ன விஷயம்’, ஒரு தட்டு. ‘தைரியமாகத்தான் இருக்கிறேன்’, அதற்கும் ஒன்று. “மூணு ஆச்சுங்க. சரியான அர்த்தத்தைச் சொல்லுங்க” என்றாள். அவளைக் கூட்டிப்போவதற்கு முன்பே டாக்டரிடம் தனியாகப் போய், சாதாரணக் கட்டி என்று சொல்லும்படி கெஞ்சியவன் நான்தான். “புற்றுநோய்” என்றேன். “பரவியிருக்கு. எடுத்தாலும் முழுசாப் போகாதுங்கறார்.” மேஜைமேல் இருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை.

உடனே கிளம்பி வாருங்கள். விளையாட்டை அழிக்க வேண்டாம்.