குத்தூசி போட்ட கார்

தருமபுரி ஜில்லாவில் பொய்ப்பல் கட்டிக்கொள்ள வசதியிருந்தும் கடைசிவரை கஞ்சி குடித்தே காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் ஒரிஜினல் பாய்தான். பல் டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பேக்டரியில வந்தது போயிருச்சுங்க. அந்த எடத்துல லோக்கல் சாமான் போட மாட்டேன்" என்று பாய் வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் ஒரிஜினல் பாய். தருமபுரி கடைத்தெருவில் பெரிய புளி மண்டி வைத்திருந்தார். மண்டிக்குள் புளி மூட்டைகளுக்கு நடுவே, நாலு செங்கல் அடுக்கின் மேல், ஒரு கார் நின்றது. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பந்தயக் கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு. கம்பெனி பெயரைச் சொன்னால் "அந்த வருஷ மாடலா, இந்த வருஷ மாடலா" என்று சண்டைக்கு வர இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். வேண்டாம்.

அந்தக் காரின் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் ஒரு நாள் விரிசல் விட்டது. லேத்துப் பட்டறைக்காரர் அதே அளவில் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். பாய் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டு, சீமைக்கு எழுதிப் போட்டார். அந்தச் சாமானைச் செய்வதை நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. "அவங்க நிறுத்திட்டாங்கன்னா நாமளும் நிறுத்திருவோம்" என்று காரைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டார். ஆனால் சாயந்தரமானால் அதில்தான் உட்காருவார். வியாபாரமும் அங்கேதான். விலை பேச வருகிறவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார வேண்டும். விலையைக் குறைக்கச் சொன்னால் பாய் பதில் சொல்லாமல் கியரை மாற்றுவார் என்று அரூர் வியாபாரி ஒருவர் ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

சேலம், தருமபுரி இரண்டு ஜில்லாவுக்கும் சேர்த்துப் பழைய பந்தயக் கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர். எந்தக் கார் ஒரிஜினல், எது ஒட்டுப் போட்டது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பாய்க்கு. யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

அவர் பரிசோதனைக்கு ஒரே ஓர் ஆயுதம், குத்தூசி. மூட்டையைப் பிரிக்காமல் குத்தி உள்ளே இருக்கும் சரக்கை இழுத்துப் பார்ப்பார்களே, அந்த இரும்பு ஊசிதான். அந்தக் காலத்துச் சீமைக் கார் சீட்டுக்குள் குதிரை முடி அடைத்திருப்பார்கள். நம்மூரில் மாற்றியிருந்தால் தேங்காய் நார் இருக்கும். பாய் கும்பிடு போட்டபடியே வருவார், நலம் விசாரிப்பார், சதக்கென்று சீட்டில் குத்துவார். முடி வந்தால் டீ, நார் வந்தால் டீ கிடையாது. சங்கத்தில் யார் காரில் ஏறினாலும் சீட்டில் ஒரு பொத்தல் இருக்கும்.

நான் அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் பழைய இரும்பு விலைக்கு வந்த ஒரு கூரையில்லாத காரை வாங்கிவிட்டேன். என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருதான் உக்கார முடியும்னா, நாளைக்குப் புள்ள பொறந்தா அண்டாவுல வெச்சா கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டாள்.

சீட்டுக்குள் நார் இருப்பது எனக்குத் தெரியும். கிழிசல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் சங்கத்தில் சேராமலே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கார்களைப் பதிவு செய்யும் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். காருக்கு அடியில் எலும்புக்கூடு போல ஓர் இரும்புச் சட்டம் ஓடும், சேசிஸ் என்பார்கள். அதன் நம்பர்தான் காருக்கு ஜாதகம். என் காரின் நம்பரிலேயே பொம்மிடியில் ஒரு டாக்டரும் கார் வைத்திருக்கிறாராம். ஒரு நம்பருக்கு ஒரு வண்டிதான் இருக்க முடியும். எது நிஜம் என்று சங்கத்தில் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள், தோற்ற வண்டியை உடைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

தைரியசாலி என்று நான் என்னைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் அந்த ஆபீஸ் வாசற்படியோடு முடிந்தது. திருட்டுக் கார் வைத்திருந்த குற்றத்துக்கு விலங்கு மாட்டி, என் கடை வாசல் வழியாகவே என்னை நடத்திப் போவதாகக் கண்ணுக்குள் படம் ஓடியது. விலங்கு போட்ட கையால் எப்படிச் சாப்பிடுவது என்று துண்டால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பழகிப் பார்த்தேன். சாம்பார் வரைக்கும் சமாளிக்கலாம், ரசம் முடியாது. பிறகு காரை மண் பாதையிலேயே ஓட்டிப்போய் மாமனார் தோட்டத்து வைக்கோல் போருக்குள் மறைத்துவிட்டு வந்தேன். அங்கே எருமைகள் இருப்பதை யோசிக்கவில்லை. அவை முன்பக்கமாகத் தின்றுகொண்டே வந்திருக்கின்றன. மறுநாள் மாமனார் கடைக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் நிதானமாகச் சொன்னார்: "மாப்பிள, நம்ம வைக்கப்போருக்கு ரெண்டு கண்ணு மொளச்சிருக்குதுங்க."

இனி மறைக்க முடியாது. பாய் குறித்த நாளில் காரை மண்டிக்கு ஓட்டிப் போனேன். வழியெல்லாம் வைக்கோல் பறந்தது. பொம்மிடி டாக்டர் முன்னாலேயே வந்து, தன் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். சிவப்புக் கார், பாய் காரின் கம்பெனிதான், கண்ணாடி மாதிரி பளபளத்தது. சங்கத்துக்காரர்கள் புளி மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாய் முதலில் டாக்டரின் சீட்டில் குத்தினார். கறுப்பாய், சுருள் சுருளாய்க் குதிரை முடி வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்து என் சீட்டு. "தேங்கா நாரு" என்றார் பாய். யாருக்கும் டீ சொல்லவில்லை.

ஆனால் பாய் அத்தோடு விடவில்லை. சாக்கை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு டாக்டரின் காருக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் காருக்கு அடியில் போனார். அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு மண்ணெண்ணெய் கேட்டது. சுரண்டும் சத்தம் வந்தது. எட்டிப் பார்க்க நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக் குனிந்தேன். ஹாரன் அலறியது. அடியில் மடேரென்று பாயின் தலை இடித்தது.

"யாருங்க அது, மனுசன் கெடக்கறப்ப சங்கு ஊதறது" என்றபடி பாய் வெளியே வந்தார். மண்டையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ஏற்காட்டு எஸ்டேட் தொரைகிட்ட இருந்தது ஒரே வண்டிதாங்க. அவரு போனதும் ஒடம்ப ஒருத்தன் வித்துட்டான், எலும்ப ஒருத்தன் வித்துட்டான். டாக்டருது சீட்டு, தகரம், நம்பர் தகடு எல்லாமே ஒரிஜினல். ஆனா அடியில கெடக்குறது ஏலத்துல எடுத்த ஜீப்போட சட்டம். தம்பியோடது மேல பூரா சேலத்துத் தகரம், அடியில மட்டும் சீமை எலும்பு. தட்டி எறக்குன நம்பர் அதுலதான் இருக்குது. நம்பரு எலும்புக்குத்தான் சொந்தம்."

ஜெயித்துவிட்டேன். சத்தமாக மூச்சு விட்டேன். அப்போதுதான் டாக்டரைப் பார்த்தேன். ஊருக்கே ஊசி போட்ட மனிதர், புளி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் வண்டிய இரும்புக் கடைக்கா பாய் போடணும்?" என்றார்.

பாய் டாக்டரின் காரைச் சுற்றி வந்தார். ஊசி போட்ட சீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குதிரை முடியை விரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். பிறகு தன் காரில் ஏறி ஒரு தடவை கியரை மாற்றிவிட்டு இறங்கினார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார். "இதோட ஒடம்பத் தனியாத் தூக்கி வைங்கப்பா. எலும்பும் ஆர்.சி. புக்கும் டாக்டருக்கு. இனிமே நம்ம நம்பருல அவரு வண்டி ஓடட்டும்."

சங்கம் முழுக்க மூட்டைகளை விட்டு இறங்கிவிட்டது. ஒரு திருகாணி மாற்றச் சம்மதிக்காத மனிதர்.

"அப்ப உங்க வண்டி, பாய்?" என்று நான்தான் கேட்டேன்.

"நம்ம வண்டி எங்க தம்பி போயிருது. பொம்மிடிக்குத்தானே."

அந்த எலும்பு டாக்டரின் காரோடு அப்படியே பொருந்தியது. ஒரே கம்பெனி அல்லவா? டாக்டருக்கு நன்றி தாங்கவில்லை. தன் செலவிலேயே பல் கட்டித் தருவதாகச் சொன்னார். பேக்டரிப் பல் கிடைத்தால் சொல்லியனுப்பச் சொன்னார் பாய்.

எலும்பில்லாத அந்த உடம்பு திரும்பவும் செங்கல் மேல் ஏறியது. பாய் அதில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தார். கியர் எலும்போடு பொம்மிடிக்குப் போய்விட்டது. அதனால் என்ன, விலையைக் குறைக்கச் சொன்னால் பாய் வெறுங்காற்றில் கியர் மாற்றுகிறார் என்று அரூர் வியாபாரி மறுபடியும் புலம்பத் தொடங்கினார்.

பாய் போய் வருஷங்களாகின்றன. போன மாதம் என் காருக்கு சீட்டு உறை மாற்றக் கொடுத்தேன். பழைய உறையிலிருந்த பொத்தலைக் காட்டி, "இது இனிமே இருக்காதுங்க" என்று தையற்காரர் பெருமையாகச் சொன்னார். அதே இடத்தில் புது உறையிலும் ஒரு பொத்தல் போடச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். டூப்ளிகேட் பொத்தல்தான். பாய் பார்த்தால் டீ கொடுக்க மாட்டார்.