அதிர்ச்சி அறிந்து நடந்த சலவைச் சங்கம்

மக்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பதை அரசு போன வருஷம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த வேகத்தில் அதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட், லிஃப்டுக்கு ‘பழுது’ என்று ஓர் அட்டை, எல்லாம் வந்துவிட்டன. கடைசியாகத் திட்டம் வந்தது. ‘அதிர்ச்சி அறிந்து நடக்கும் சமூக அமைப்புகளுக்கான நிதியுதவித் திட்டம்’ என்று அதற்குப் பெயர். விபத்து, சாவு, அடி உதை என்று எதையாவது கண்டு மனம் உடைந்தவர்கள் ஒரு சங்கத்துக்குள் வந்தால், அங்கே அவர்களை மேலும் நோகடிக்காமல் நடத்த வேண்டும். அப்படி நடத்தப் பழகும் சங்கங்களுக்கு அரசு பணம் தரும். நல்ல எண்ணம்தான். நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வதற்குத் தனிப் படிவம் இருக்கிறது.

நான் எங்கள் தெருச் சலவைக் கூட்டுச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றால் ஒரு தகரக் கூரைக் கூடம், நான்கு வாஷிங் மெஷின், ஒரு நீள பெஞ்சு. வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் துணியைப் போட்டுவிட்டு, அது சுற்றி முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். எங்கள் தலைவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் யார் வாசலில் தயங்கி நின்றாலும், “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு” என்றுதான் வரவேற்பார்.

மெஷின்களில் மூன்றாம் நம்பருக்கு மட்டும் பேரிங் போய்விட்டது. துணி பிழியும்போது கிடுகிடுவென்று ஆடும். அதோடு பெஞ்சும் ஆடும். பெஞ்சில் இருப்பவர்கள் பேசும் வம்பும் சேர்ந்து ஆடும்.

அந்த மெஷின் எதிரில்தான் டிரைவரக்கா வந்து உட்காருவார். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேன் பள்ளத்தில் உருண்டு, பக்கத்து சீட்டில் இருந்த தங்கை போய்விட்டாள். அக்கா பிழைத்தார், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. எட்டு மாசம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் கூடையோடு கூடத்துக்குள் வந்தார். கூடையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். அக்கா வாராவாரம் வந்தார். மெஷின் ஆட, பெஞ்சு ஆட, அவரும் சேர்ந்து ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழாவது வாரம், என் மனைவி போட்டிருந்த போர்வை சுற்றி முடிந்தபோது, “நின்னுடுச்சு. எடுத்துக்கோங்க” என்றார். என் மனைவி போர்வையை எடுக்கிற சாக்கில் மெஷினுக்குள் தலையை விட்டு அழுதாள்.

அதன்பிறகு வாரத்துக்கு நாலு வார்த்தை, ஐந்து வார்த்தை என்று அக்காவுக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மெக்கானிக் வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “பேரிங் மாத்தலேன்னா மூணாம் நம்பர் ஒரு நாள் அப்படியே படுத்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தில் காசு இல்லை. திட்டம் வந்தது அந்த நேரத்தில்.

“போய்க் கேளுங்களேன். இது நமக்குன்னே போட்ட திட்டம் மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. கண்டக்டரும் நானும் துறைக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்குப் படியேறினோம். மேஜைக்குப் பின்னால் இருந்த உதவியாளர் எங்கள் மனுவைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“உங்க சங்கம் அதிர்ச்சி அறிஞ்சு நடக்குதா?”

“நடக்குதுன்னுதான் நினைக்கிறேன் சார். ஒரு அம்மா வெறும் கூடையோட வருவாங்க. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

“ஏன் கேக்க மாட்டீங்க?”

“தோணல.”

“அப்போ அது அறியாம நடக்கிறது. அறியாம நடக்கிறதுக்கு நிதி கிடையாது. அறிஞ்சு நடக்கணும்.”

“அறிஞ்சுட்டா வேற மாதிரி நடக்கணுமா சார்?”

“அதுக்குத்தானே பயிற்சி வெச்சிருக்கோம்” என்று முத்திரை குத்தினார்.

பயிற்சி இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வருஷமாக நான் அதைத் தப்பாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் நாள் மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தியவர் திட்ட அலுவலர். வெண்ணெயில் இறங்கும் கத்தி மாதிரி குரல். எதையும் இல்லை என்று சொல்லமாட்டார், “உங்க உணர்வை மதிக்கிறேன்” என்பார். கண்டக்டர் அண்ணன் எழுந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய உணர்வையும் மதித்தார்கள். பாவம், அண்ணன் மூச்சுப் பயிற்சியைத் தொடர்ந்தபடியே சாயங்காலம் வரை இருந்தார்.

முடிவில் எங்கள் கழுத்தில் ஆளுக்கு ஓர் அட்டை மாட்டினார்கள். ‘பாதுகாப்பான மனிதர்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதை மாட்டியதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் யாரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு கடைகளில் தேவையே இல்லாமல் நின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திட்ட அலுவலர் ஆய்வுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் நம்பர் பிழிய ஆரம்பித்தது. அலுவலரின் கோப்பு, கண்ணாடி, கன்னம் எல்லாம் ஆடின.

“இது என்ன?”

“மூணாம் நம்பர் சார். பேரிங் போச்சு. அதுக்குத்தான் மனு…”

“அதிருதே.”

“ஆமா சார், அதிரும்.”

“அதிர்வுல இருந்து வர்றதுதான் அதிர்ச்சி. அதிர்ச்சி அறிந்து நடக்கிற இடத்துல அதிர்ச்சியோட மூலத்தையே கரண்ட் குடுத்து ஓட்டுறீங்க.”

“சார், அது துணிதான் பிழியுது.”

“உங்க உணர்வை மதிக்கிறேன்.”

இலக்கணம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு மெஷின்தான் இருந்தது, அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

“பேரிங் மாத்திட்டா அதிராது சார்” என்று கெஞ்சினேன்.

“அதிர்ச்சியின் மூலத்துக்குச் செலவு செய்ய விதியில இடமில்ல. அகற்றத்தான் இடம் இருக்கு. மத்த மூணும் அதிருமா?”

கண்டக்டர் அண்ணனுக்குப் பொய் வராது. “கொஞ்சூண்டு” என்றார்.

கோப்பில் ‘நான்கு’ என்று எழுதிக்கொண்டு, முதல் வேலையாக எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. அந்த நேரம் பார்த்து டிரைவரக்கா வெறும் கூடையோடு வந்து உட்கார்ந்தார்.

அலுவலர் ஏழாம் படிவத்தை என்னிடம் நீட்டினார். “இதை நம்பிக்கைக்குரியவர்தான் கேக்கணும். கேட்டு எழுதிட்டா நிதி இன்னைக்கே உறுதி.”

நான் கேட்டிருக்கக் கூடாது. கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் பேனா இருந்தது, மெஷின் போனாலும் கூரையையாவது மாற்றலாம் என்று ஓர் ஆசை வேறு. பயிற்சியில் சொன்ன அதே மெல்லிய குரலில் படித்தேன். “தங்களுக்கு நேர்ந்ததை மூன்று வரிகளுக்கு மிகாமல் கூறவும்.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாம் நம்பரைப் பார்த்தார்.

“மெஷின் ஓடலையா?”

“இல்லம்மா. இதை மட்டும் சொல்லிட்டா…”

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் பேனாவோடு நின்றேன். அலுவலர் முகம் மலர்ந்து, “பாத்தீங்களா, தன்னோட எல்லைய தானே வகுத்துக்கிட்டாங்க. ரொம்பப் பெரிய முன்னேற்றம்” என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

வீட்டில் நடந்தது வேறு. “நீங்களா கேட்டீங்க? உங்க வாயாலயா?” என்றாள் மனைவி. “அவ வாயத் திறக்க வைக்க அந்த ஓட்டை மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியலையே!” அதற்குமேல் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை ‘ணங்’ என்று வைப்பதை அதிர்ச்சியில் சேர்க்கலாமா என்று அலுவலரைக் கேட்க நினைத்தேன். அவர் என் உணர்வை மதித்துவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

நிதி வந்தது. மெஷின்கள் போயின. சுவருக்கு மெல்லிய ஊதா அடித்து, தரையில் திண்டுகள் போட்டு, வாசலில் ‘இங்கே நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று பலகை மாட்டினார்கள். துவைக்க மெஷின் இல்லாத சலவைச் சங்கத்துக்கு யார் வருவார்கள்? மழைக்கு ஒதுங்கக்கூட ஆள் வரவில்லை. கண்டக்டர் அண்ணன் மட்டும் காலையில் வந்து, “நடுவுல இடம் இருக்கு” என்று திண்டுகளிடம் சொல்லிவிட்டுப் போனார். டிரைவரக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆண்டறிக்கையில் எங்கள் கூடத்துக்கு நேரே ‘அதிர்ச்சியுற்ற நிலையில் காணப்பட்டோர்: ஒருவருமில்லை’ என்று வந்தது. வேறு எந்தச் சங்கமும் இந்த இலக்கை எட்டவில்லை. எங்களுக்குச் சிறந்த அமைப்பு விருது கொடுத்தார்கள். துவைக்காத சட்டையோடு தெருவே வந்து கைதட்டியது. மேடைக்கு அருகில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

விருது வாங்கியவரைச் சும்மா விடுவார்களா? என்னை முதன்மைப் பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள். என் முதல் பணி, நாலு தெரு தள்ளி இருக்கும் பழைய பேப்பர் கட்டும் மகளிர் சங்கத்தை அதிர்ச்சி அறிந்து நடக்கவைப்பது. அவர்களுடைய மனு முன்பே துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எடை போடும் தராசு உடைந்துவிட்டதாம்.

வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். உள்ளே பேப்பர் குவியலுக்கு நடுவில், பெண்களோடு பெண்ணாக டிரைவரக்கா உட்கார்ந்திருந்தார். “இப்படிக் கட்டினா பாதி வழியிலயே அவுந்துடும்டி, குடு இங்க” என்று பக்கத்துப் பெண்ணிடமிருந்து கட்டைப் பிடுங்கினார். எண்ணிப் பார்த்தேன், ஏழு வார்த்தை. அது மட்டுமில்லை, அவர் சிரித்தார்.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்று.

சங்கத் தலைவி ஓடி வந்து, “வாங்க சார், வாங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரக்காவும் பார்த்தார். என் முகத்தை, கையில் இருந்த படிவத்தை. கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அடுத்தவள் கையில் கொடுத்தார். பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

“யாரு சார் அவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார் தலைவி.

நான் மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். பிறகு உட்கார்ந்து அன்றைய அறிக்கையை எழுதினேன். ‘எழுந்து போனவர்கள்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. ‘குணமடைந்தவர்கள்’ என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் ஒன்று என்று நிரப்பினேன்.