இலங்கைக்குப் போன அப்பளமும் நான் போட்ட விபூதியும்

இலங்கைக்கு அப்பளம் அனுப்பலாம்னு முதல்ல என்கிட்ட சொன்னது பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜி அக்கா. ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, விளக்குப் பூஜை முடிஞ்சு குங்குமம் வாங்கிக்கிட்டு வர்ற வழியில சொன்னாங்க.

"அங்க இப்பத்தான் வெளிநாட்டுச் சரக்கைத் தாராளமா உள்ள விடறாங்களாம். கொழும்புல ஒரு கடைக்காரர் அப்பளம் கேக்கறார். என் தம்பி மெட்ராஸ்ல கப்பலுக்குச் சரக்கு ஏத்தி விடற கம்பெனியிலதானே இருக்கான்? நாம இட்டுக் குடுத்தா போதும். மிச்சத்தை அவன் பார்த்துப்பான்."

யாராவது "மிச்சத்தை அவன் பார்த்துப்பான்"னு சொன்னா, அந்த மிச்சம் என் தலையிலதான் வந்து விழும். இது என் ஜாதகம்.

அப்போ நாங்க ஹைதராபாத் பக்கத்து ராமச்சந்திராபுரத்துல, பாக்டரி குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். தமிழ்ப் பெண்கள் ஒரு கூட்டமா சேர்ந்து அப்பளம் இட ஆரம்பிச்சோம். ஒரே வாரத்துல எல்லாருக்கும் நடையே மாறிப்போச்சு. அதுவரைக்கும் "அப்பளம்"னு சொன்னவங்க "சரக்கு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. "சரக்கு காயுதா?" "சரக்கு மேல காக்கா உக்காருது பாரு!"

ஆனா விளையாட்டு இல்லாம வேலை செய்தவ ஒருத்திதான். கமலா.

கமலா கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பொண்ணு. புருஷன் பாக்டரியில வெல்டர். மஞ்சள் காமாலையில போயிட்டார். பள்ளிக்கூடப் பரீட்சை முடியற வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருக்கலாம்னு கம்பெனி சொல்லியிருந்தது. அதுக்கப்புறம் மகளைக் கூட்டிக்கிட்டு ஊர்ல அண்ணன் வீட்டுக்குப் போகணும்.

"அங்க போனா நான் தங்கச்சி இல்லக்கா, சமையக்காரி. சம்பளம் கேக்க முடியாத சமையக்காரி"ன்னு ஒரு நாள் சொன்னா. கொழும்பு ஆர்டர் நிலைச்சா, வெளியே ஒரு போர்ஷன் பிடிச்சு அப்பளத்தை வச்சே பிழைச்சுக்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தா.

அவ இட்டா அப்பளம் பௌர்ணமி நிலா மாதிரி இருக்கும். நான் இட்டா இலங்கை மேப் மாதிரி இருக்கும்.

"இது தானாவே ஊர் போய்ச் சேந்துரும்க்கா, அட்ரஸ் எழுத வேண்டாம்"னு சொல்லி என் கையிலேர்ந்து குழவியைப் பிடுங்கிட்டா. அன்னையிலேர்ந்து எனக்கு வெளிவேலை.

அந்த வெளிவேலையைத்தான் இப்போ சொல்றேன். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி செகந்திராபாத்துல ஒரு பரிசோதனை ஆபீஸ்ல மாதிரிக்கு ஒரு பெட்டியைக் காட்டணும். ஆபீசர் பார்ப்பார், முத்திரை குத்துவார், திரும்பி வரணும். அவ்வளவுதான். கழுத்துல ஒரு சீட்டைக் கட்டி அனுப்பினா மாடு கூடச் செஞ்சுட்டு வந்துடும்.

மாடா இருந்தா பெட்டிக்குள்ள விபூதி போட்டிருக்காது.

ஆமா, நான் போட்டேன். என் பிள்ளைங்க பரீட்சைக்குப் போறப்ப நெத்தியில பூசாம ஒரு நாளும் அனுப்பினதில்லை. இதுவும் பரீட்சைதானே? காலையில குளிச்சு, பிள்ளையாருக்கு விளக்கேத்தி, ஒவ்வொரு பாக்கெட்டா பிரிச்சு, "நல்லபடியா போய்ச் சேருப்பா"ன்னு ஒரு சிட்டிகை தூவிக் கட்டினேன். மத்த பெட்டிங்களுக்குப் போட நேரமில்லை. பரீட்சை எழுதப் போறது இது ஒண்ணுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

வாசல்ல ராஜி அக்காகிட்டயும் பெருமையா சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.

மார்க்கெட்டுக்குப் போற பெண்களுக்காகக் கம்பெனி பஸ் ஒண்ணு செகந்திராபாத் போகும். அதுல நானும் கமலாவும் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில மாத்தி மாத்தி வச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

ஆபீசர் ஹைதராபாத்காரர். மெட்ராஸ்ல ட்ரெயினிங் எடுத்தவராம், தமிழ் பேசினார். ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்துல பார்த்தார். மோந்தார். உடைச்சார்.

"பாகுந்தி! முதல் தரம்!"

கமலா என் கையைப் பிடிச்சு அமுக்கினா.

அப்புறம் அவர் விரல்ல ஒட்டின வெள்ளைப் பொடியைத் தேய்ச்சுப் பார்த்துட்டு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "இது ஒட்டாம இருக்கறதுக்குப் போடற அரிசி மாவுதானே?"

"ஆமா சார்"னு சொல்லியிருந்தா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா காலையிலதான் சாமி கும்பிட்டிருக்கேன். அன்னிக்கே எப்படிப் பொய் சொல்றது?

"அரிசி மாவுதான் சார். கூடக் கொஞ்சம் விபூதி."

"விபூதியா? கைக்கு?" ஹைதராபாத்ல 'கைக்கு'ன்னா 'எதுக்கு'.

"எதுக்குன்னா... நல்லபடியா போய்ச் சேரணும்னுதான் சார்."

கமலா என் காலை மிதிச்சா. மிதிக்கறவ கொஞ்சம் முன்னாடியே மிதிச்சிருக்கலாம்.

ஆபீசர் அப்பளத்தைக் கீழே வச்சார். "அம்மா, நாங்க இங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? அப்பளத்தை எரிப்போம். எரிஞ்சு மிஞ்சற சாம்பலை நிறுத்துப் பார்ப்போம். சாம்பல் அதிகமா இருந்தா மண்ணு கலந்திருக்காங்கன்னு அர்த்தம். இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ கலப்படம் பார்த்திருக்கேன். எல்லாரும் மறைப்பாங்க. சாம்பலையே கொண்டுவந்து போட்டு, அதைத் தன் வாயாலயும் சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான்."

"கலப்படம் இல்ல சார். பிரசாதம்."

"அடுப்புக்கு அது தெரியாதும்மா."

மாதிரி தேறலைன்னா மொத்தச் சரக்கும் தேறலைன்னு அர்த்தமாம். "அப்போ கொழும்பு?"ன்னு கமலா கேட்டா.

"கொழும்பு நக்கோ." அந்த ஊர்ல கிடையாது, வேண்டாம், எல்லாத்துக்கும் 'நக்கோ'தான்.

வெளியே வந்து பெஞ்சுல உக்காந்தோம். கமலா பாக்கெட்டைப் பிரிச்சு, முந்தானையால ஒவ்வொரு அப்பளமா துடைக்க ஆரம்பிச்சா. நானும் துடைச்சேன். உடனே ஆபீசர் வாசல்ல வந்து நின்னார்.

"அரசாங்கக் கட்டடத்துல சரக்கைத் திருத்தக் கூடாது. திருத்தறதா இருந்தா தயாரிக்கற இடத்துலதான்!"

கமலா நிமிர்ந்து பார்த்தா. திறந்த கதவு வழியா உள்ளே தராசு தெரிஞ்சுது. அதுக்கு மஞ்சள், குங்குமம், மேலே காஞ்சுபோன ஒரு மாலை.

"சார், தராசுக்கு யாரு பொட்டு வச்சது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது. கைக்கு?"

"இல்ல, அதை வச்சா எங்க சாம்பலை நிறுக்கப் போறீங்கன்னு கேட்டேன்."

சிரிப்பார்னு நினைச்சேன். "தராசு ஏற்றுமதிக்குப் போறதில்லை"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டார்.

இனி எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான் பாக்கி. கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன். மனசுக்குள்ளதான் கூப்பிட்டேன்னு நினைச்சேன். சத்தமா கூப்பிட்டிருக்கேன் போல. பக்கத்து ரூம் டைப்பிஸ்ட் எல்லாம் எழுந்து வந்துட்டாங்க.

கதவு மறுபடி திறந்துது. "அம்மா, ஆபீஸ்ல பஜனை நக்கோ!"

அழுகையை அடக்கிக்கிட்டுக் கமலா கதையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நானே நேர்ல வந்து வேற பெட்டியிலிருந்து எடுத்தா விதிப்படி சரி. ஆனா ஜீப் ரிப்பேர். அடுத்த வாரம் வரேன்."

"மெட்ராஸ் லாரி நாளைக் காலையில சார்!"

"நான் என்ன பறந்தா வர முடியும்?"

"எங்க பஸ் இருக்கு சார்"னு கமலா சொன்னா.

கம்பெனி பஸ்ல குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் ஏறலாம். டிரைவர் அவரை மேலயும் கீழயும் பார்த்து, "இவர் எவரு?"ன்னு கேட்டார்.

"அக்காவோட தம்பி"ன்னா கமலா. கண்ணு இமைக்கலை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பொய் சொல்லலை. வேடிக்கை பார்த்தேன்.

பஸ் குகட்பள்ளியைத் தாண்டினப்போ ஆபீசர் மெதுவா குனிஞ்சு, "அம்மா, நான் இதுல வர்றது விதிப்படி சரிதானே?"ன்னு கேட்டார்.

"இல்ல சார்."

"ஹவ், சரி"ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் பையை மடியில வச்சு, எங்க ஸ்டாப் வர்ற வரைக்கும் முகத்தை மறைச்சுக்கிட்டார்.

இறங்கினா ராஜி அக்கா ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க! வெளிநாட்டு வியாபாரத்துக்கு வந்த பெரிய மனுஷர்னு நினைச்சு, அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நெத்தி நிறைய விபூதி பூசிட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"நீ பாட்டுக்கு ஒரு பெட்டிக்கு மட்டும் போட்டுட்டுப் போயிட்டே. மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? கோயில்லேர்ந்து ஒரு டப்பா வாங்கிட்டு வந்து எல்லாத்துக்கும் போட்டுட்டோம்! ஒரு பாக்கெட் பாக்கியில்லை!"

ஆபீசர் பக்கத்துல இருந்த பெட்டி மேல உக்காந்துட்டார்.

"இந்தக் காலனியில சாமி தொடாத அப்பளம் ஒண்ணாவது இருக்கா?"

கமலா என் காதுகிட்ட வந்து, "அண்ணனுக்குத் தந்தி குடுத்துருங்கக்கா. வாரேன்னு சொல்லிருங்க"ன்னா. கோபமா சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. சாதாரணமா சொன்னா.

"என்ன சொல்றாங்க?"ன்னு ஆபீசர் கேட்டார். சொன்னேன்.

அவர் பெட்டி மேலேர்ந்து எழுந்தார். "தயாரிக்கற இடத்துல சரக்கைத் திருத்தலாம்னு நான்தானே சொன்னேன்? துணி கொண்டு வாங்க."

வேட்டி கிழிஞ்சுது, பழைய புடவை கிழிஞ்சுது. காலனியே உக்காந்து அப்பளம் துடைச்சுது. திரும்பற பஸ் போயிட்டதால ஆபீசரும் துடைச்சார். கமலாதான் கண்காணிப்பு. "சார், உங்க நெத்தி உதிருது"ன்னு அவரையும் விடலை. அவர் கைக்குட்டையால நெத்தியைத் துடைச்சுட்டுத் தொடர்ந்தார்.

ஷிப்ட் முடிஞ்சு என் வீட்டுக்காரர் வந்து வாசல்லயே நின்னுட்டார்.

"யாரு இவர்?"

"கவர்ன்மென்ட் ஆபீசர்."

"எதுக்கு வந்திருக்கார்?"

"அப்பளம் துடைக்க."

அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேக்கலை. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு ஒரு துணியை எடுத்துக்கிட்டார். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல பழகியிருந்தார்.

விளக்கு வைக்கற நேரத்துக்கு வேலை முடிஞ்சுது. ஆபீசர் மாதிரி எடுத்துக்கிட்டுப் போனார். மறுநாள் லாரி செகந்திராபாத் வழியா போறப்போ, அனுமதிக் காகிதத்தோட ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார். "இவ்வளவு சுத்தமான அப்பளத்தை நான் பார்த்ததே இல்லை."

காலனியே கொண்டாடுச்சு. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன். உள்ளே எதையும் தூவாம, வெளியில நின்னு உடைச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ராஜி அக்காவோட தம்பி வந்தார். காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டு ஆரம்பிச்சார்.

"அக்கா, கொழும்புக்காரர் ஒண்ணே ஒண்ணு கேக்கறார். அப்பளத்துக்கு மேல மாவு தூவற பழக்கம் உங்க ஊர்ல கிடையாதா?"

எங்களுக்கு அப்பத்தான் உறைச்சுது. விபூதியைத் துடைச்சோம். கூடவே மாவையும் துடைச்சுட்டோம்! கப்பல்ல கடல்காத்து பட்டு, பாக்கெட்ல இருந்த அத்தனை அப்பளமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே கட்டையா போய் இறங்கியிருக்கு. கடையில சுத்தியலால உடைச்சாங்களாம். அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிடறது எல்லா ஊர்லயும் உண்டு. பொரிக்கறதுக்கு முன்னாடியே நொறுக்கினது அந்த ஊர்லதான்.

ரெண்டு நாட்டு வணிகம் அத்தோட நின்னுது.

எனக்குக் கமலா முகத்தைப் பார்க்கவே பயம். அவ முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டே, "கொழும்பு போனா போவுதுக்கா. செகந்திராபாத் வந்திருக்கு"ன்னா.

அன்னிக்கு ஆபீசர் கிளம்பறப்போ அவ ஒரு கட்டு அப்பளத்தை, மாவோட, அவர் பையில வச்சிருக்கா. அவர் வீட்டம்மா பொரிச்சுப் பார்த்துட்டு இன்னும் வேணும்னு கேட்டிருக்காங்க. அவங்க பக்கத்து வீட்டுல சொல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க அல்வால்ங்கற இடத்துல இருக்கற அக்காகிட்ட சொல்ல, மில்டரி குவார்ட்டர்ஸ் வரைக்கும் கமலா அப்பளம் போக ஆரம்பிச்சுது. பரீட்சை முடிஞ்சதும் அவ வெளியே போர்ஷன் பிடிச்சா. அண்ணனுக்குத் தந்திக்குப் பதிலா ஒரு பார்சல் போச்சு.

இன்னிக்கும் அவதான் அப்பளம் இடறா. என்னை இட விடறதில்லை. பெட்டி பக்கமும் விடறதில்லை.

உங்கள்ல யாராவது கொழும்பு பக்கம் போனா, அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க: எங்க அப்பளம் இப்பல்லாம் ஒட்டறதில்லை.