ரெண்டு அருளும் என் ரெண்டு கண்ணும்

பயம் வந்துவிட்டால் முதலில் வேலைநிறுத்தம் செய்வது காதுதான். எதிரே இருப்பவரின் வாய் அசைவது தெரியும். சொல்வது எதுவும் உள்ளே போகாது. இதை நான் தெரிந்துகொண்டது விழுப்புரத்தில், ஒரு கண் ஆஸ்பத்திரியில்.

நான் திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா பீரோவா என்று எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நான் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வலது கண்ணுக்கு முன்னால் ஒரு கொசு வந்தது. அடித்தேன். போகவில்லை. மறுபடி இரண்டு கையாலும் அடித்தேன். பிள்ளைகள் நான் எதற்காகவோ கை தட்டுகிறேன் என்று நினைத்துச் சேர்ந்து தட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் கொசு பெருகிவிட்டது. கறுப்பு நூல்கள் வேறு மிதந்தன. இருட்டாக இருந்த சமையலறைக்குள் நுழைந்தபோது கண்ணோரத்தில் பளிச்சென்று மின்னல். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். மழைக்கான அறிகுறியே இல்லை.

செல்போனில் தேடினேன். (தேடியிருக்கவே கூடாது.) எங்கே தொட்டாலும் 'பார்வை பறிபோகலாம்' என்றுதான் வந்தது. எதற்கும் பழகிக்கொள்வோம் என்று மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டே காபி போட்டேன்.

என் வீட்டுக்காரர் அருள்ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடி இது, உப்பைப் போட்டு வச்சிருக்க? கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவரிடம் சொல்லவும் பயம். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் ஊரையே அதட்டுகிற மனுஷன், ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார். அதனால் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, புடவை எடுக்கப் போவதாக அவரிடம் பொய் சொல்லிவிட்டு, தனியாக விழுப்புரம் பஸ் ஏறினேன். வழி நெடுக மாதாவை வேண்டினேன். விழுப்புரம் நெருங்க நெருங்க, எதற்கும் இருக்கட்டும் என்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "கூட யாரு வந்துருக்காங்க?" என்றார். வெளியே இருக்கிறார்கள் என்றேன். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெட்டினாவுல சின்னதா கிழிஞ்சிருக்குங்க..."

கிழிஞ்சிருக்கு. அவ்வளவுதான், என் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். நல்லவேளையாகச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள், விட்டிருந்தால் ரெட்டினாவே கழன்றுகொண்டிருக்கும், இப்போதே லேசர் வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிடலாம், மருந்து விட்டதால் சாயங்காலம் வரைக்கும் மங்கலாகத்தான் தெரியும், தனியாகப் போகாதீர்கள். இத்தனையும் சொன்னாராம்! நான் ஒவ்வொன்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினேனாம்.

லேசர் பச்சைப் பச்சையாக மின்னியது. முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். என் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டு, ஒரு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

உலகம் காணாமல் போயிருந்தது.

உச்சி வெயிலில் எல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தது. பெரிய பெரிய கலங்கல்கள் உறுமிக்கொண்டு போயின. பஸ்ஸாக இருக்க வேண்டும். என் கையை முகத்துக்கு நேரே நீட்டினேன். விரல் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "திண்டிவனம் பஸ் எங்கங்க நிக்கும்?" என்று கெஞ்சினேன். அவர் பதிலே சொல்லவில்லை.

"அக்கா, அது தூணுக்கா" என்றது ஒரு குரல். முகையூர் பஸ்ஸுக்காக நின்ற காலேஜ் பெண். என்னைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"என் போன்ல அருள்னு இருக்கும். கொஞ்சம் போட்டுக் குடும்மா."

"அருள் சார்னு இருக்கே, அதுங்களாக்கா?"

சுற்றிலும் கண்டக்டர்களின் கூச்சல். எனக்கு 'அருள்' மட்டும்தான் கேட்டது. ஆமாம் என்றேன்.

"என்னங்க, என் கண்ணு போச்சுங்க! ரெண்டும் போச்சு! பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்குங்க. நான் இனிமே உங்களுக்குப் பாரம். நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கினு நல்லா இருங்க. எனக்கு வருத்தமே இல்லைங்க!"

மறுமுனையில் ஒரு கனைப்பு கேட்டது.

"டீச்சர், நான் ஹெட்மாஸ்டர் அருள்தாஸ் பேசறேன். எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சும்மா."

(அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அப்போது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.)

ஆனால் அவர் சிரிக்கவில்லை. "எங்க இருக்கீங்க? அங்கேயே உக்காருங்க, நகராதீங்க" என்று விவரம் கேட்டு, என் வீட்டுக்காரருக்குச் சொன்னார். காலேஜ் பெண் தன் பஸ்ஸை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் காத்திருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். என் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பயத்தில் அதுகூட மங்கலாகத்தான் வந்தது.

அருள்ராஜ் பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டையில் மல்லாட்டைத் தூசி வாசனை. என் முகத்தையே உற்றுப் பார்த்தவர், "உன் கண்ணாடி எங்கடி?" என்றார்.

"பையில..."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை எடுத்து மாட்டிவிட்டார். கூசியது, ஓரமெல்லாம் கலங்கலாக இருந்தது; ஆனாலும் பஸ் பஸ்ஸாகத் தெரிந்தது. அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்ததும் தெரிந்தது.

"தூசிடி" என்றார்.

கிழிசல் நன்றாக ஒட்டிக்கொண்டது. கொசுக்கள் ஒன்றிரண்டு இன்னும் சுற்றுகின்றன. அவை போகாதாம், பழகிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் புதிதாகக் கூட்டம் சேர்ந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இந்த முறை காது திறந்திருந்தது.

என் போனைக் கேட்ட பயத்தில் ஹெட்மாஸ்டரும் போய்க் கண்ணைக் காட்டினார். வலியே இல்லாமல் கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையை அரித்துக்கொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் போனது திரும்பியிருக்காதாம். இப்போது தினமும் சொட்டு மருந்து விடுகிறார்.

அதற்காக அவர் மனைவி எனக்கு நன்றி சொல்லாத விசேஷமே கிடையாது. போன மாதம்கூட ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாம் கல்யாணத்துக்கு பர்மிஷன் குடுத்த டீச்சர் இவங்கதான்" என்று அறிமுகம் செய்தார்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்ட இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அது எனக்குக் குடுத்த பர்மிஷன்ங்க. அட்ரஸ் மாறி உங்க வீட்டுக்கு வந்துடுச்சு."