கூர்காதுக்கு ஒரு பதில்

கூர்காது மறுபடியும் எழுதிவிட்டான்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் பிரேமைப் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. வந்தவர் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க முகத்துக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்ல, கடைக்காரரின் கண் திரைக்குப் போனது.

'ஐந்தாவது பாட்டில் பாடகி வரியின் நடுவில் மூச்சு வாங்குகிறார். மாடிப்படி ஏறி வந்து பாடினாரோ என்னவோ.'

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பாடகி அவருடைய மனைவி.

அது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆல்பம். மேற்கத்திய செவ்வியல் முறையில் ஆப்பராப் பாட்டை முறையாகப் பயின்ற சோப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிப் பாடகி, அவள். அந்தக் குரலை டிரம்ஸோடும் கிடாரோடும் சேர்த்துப் பாடினால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, ஆசை ஆசையாகப் பாடினாள். ஆப்பரா கேட்பவர்கள் டிரம்ஸைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிரம்ஸ் கேட்பவர்கள் ஆப்பராவைக் கேட்டதும் அடுத்த கேசட்டுக்குப் போனார்கள். இரண்டுங்கெட்டான் என்று ஒரு பத்திரிகை ஒரே வார்த்தையில் கதையை முடித்தது. மிச்சமிருந்த கேசட்டுகளை அவள் அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினாள். அதற்குப் பிறகு அடுப்படியில் முணுமுணுப்பதோடு சரி, வாய்விட்டுப் பாடவில்லை.

மாடி வீட்டில் குடியிருக்கும் மகள்தான் அந்தப் பெட்டியைத் தோண்டியெடுத்து, பாட்டுகளை இணையத்தில் ஏற்றினாள். கேட்டவர்கள் கீழே கருத்து எழுதலாம். ஒருவரும் எழுதவில்லை. மனைவி தினமும் காலையில் போனைப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், துணி மடிக்கப் போய்விடுவாள். பார்க்கச் சகிக்காது.

அப்புறம் ஒருநாள் முதல் கருத்து வந்தது. கூர்காது என்ற பெயரில். 'குரல் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகை சொன்னதில் தப்பில்லை.'

அதை அவள் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"சொல்றதும் சரிதானேங்க? பேசாம எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லட்டுமா?"

இப்போது எடுத்தால் அந்தக் குரல் மறுபடி அலமாரிக்கு மேலேதான் போகும். இந்த வயதில் இன்னொரு தடவை அதை யார் இறக்கப்போகிறார்கள்? இதையெல்லாம் சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். தட்டைப் பார்த்தபடி, "அதெல்லாம் பரவாயில்ல, விடு" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் அவர் பாராட்டின் உச்சமே 'பரவாயில்ல'தான். ரெக்கார்டிங் முடிந்து வியர்வையோடு வெளியே வந்து "எப்படி இருந்தது?" என்று அவள் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். கைவசம் இருந்த பாராட்டையெல்லாம் கடைக்கு வருகிற மூக்குகளுக்கே செலவழித்துவிடுகிற மனிதர்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். 'இசைப்பித்தன்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நேரில் வராத வார்த்தை விரலில் வந்து கொட்டியது. 'பளிங்கு போலத் தெளிவான குரல். கிட்டத்தில் கேட்டாலும் தூரத்தில் கேட்டாலும் மங்கவில்லை. ஒரு கீறல் கிடையாது.' கை ஓயவில்லை. 'கடல் தாண்டிய ரசிகன்' என்று இன்னொருவரையும் பிறப்பித்து, இந்தக் குரலைக் கேட்ட பிறகு உலகமே துல்லியமாகத் தெரிவதாக எழுத வைத்தார்.

சாயங்காலமே கூர்காது பதில் போட்டான். 'இங்கே பாராட்டுகிறவர்கள் எல்லோரும் கண் பரிசோதனை செய்துகொண்டு நேராக இங்கே வந்தவர்களா?'

மாட்டிக்கொள்வோம் என்று பயந்து உடனே பெண்ணாக மாறினார். 'பிள்ளைகளின் தாய்' என்று பெயர். தினமும் இரண்டாவது பாட்டைப் போட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைப்பதாக அந்தத் தாய் எழுதினாள். ஆல்பத்திலேயே டிரம்ஸ் அதிர்கிற பாட்டு அதுதான் என்பதை அவசரத்தில் மறந்துபோனார். கூர்காது விடுவானா? 'அந்தப் பாட்டுக்கா தூங்குகிறார்கள்? அம்மா, பிள்ளைகளுக்கு முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள்' என்று கேட்டுவிட்டான்.

எல்லோரும் புகழ்ந்தால்தானே சந்தேகம் வருகிறது, நடுநிலையாக ஒருவர் இருக்கட்டும் என்று அடுத்த யோசனை. 'நடுநிலையாளர்' வந்து, எல்லாம் பிரமாதம், மூன்றாவது பாட்டில் மட்டும் கிடார் கொஞ்சம் தூக்கல் என்றார். கூர்காது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று எழுதினான். அன்றைக்கு மனைவி அடுப்படியில் முணுமுணுக்கக்கூட இல்லை. பதறிப்போன கடைக்காரர் இசைப்பித்தனை அனுப்பி நடுநிலையாளரைத் திட்டினார். தாயை அனுப்பிச் சமாதானம் செய்தார். யார் பெயரில் இருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல், கடைசியில் இசைப்பித்தன் இசைப்பித்தனின் ரசனையை மெச்சி நன்றி சொன்னான்.

'இவருக்கு இவரே கைகொடுத்துக்கொள்கிறார்' என்று எழுதினான் கூர்காது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி அதைப் படித்துக் காட்டும்போது அவள் குரல் லேசாக நடுங்கியது. அழுகையை அடக்குகிறாள் என்று அவருக்குப் பட்டது.

இதற்கெல்லாம் மேலேதான் இன்றைக்கு இந்த மூச்சு விவகாரம். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு நிதானமாக யோசித்தார். அந்த மூச்சு காதுக்கு எளிதில் அகப்படாது. பக்கத்தில் இருந்து கேட்ட ஆளுக்குத்தான் தெரியும். அப்படியானால் அந்தக் காலத்து சவுண்டு இஞ்சினியர்தான். பாட்டு முடிந்த பிறகும் அவள் மைக்கைச் சரி செய்வதாகச் சுற்றிச் சுற்றி வந்த மனுஷன். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். படிக்கட்டு மட்டும் மாறவில்லை. அந்த மூன்றாவது படியில்தான் அன்றைக்கு மழையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் வரும் என்று உள்ளே ஏசியை நிறுத்தியிருந்தார்கள். பதிவானதைப் போட்டுக் கேட்கிற நேரத்தில் புழுக்கம் தாங்காமல் கதவை லேசாகத் திறந்தபோது, அந்த இடுக்கு வழியாக ஐந்தாவது பாட்டு வெளியே வந்தது. அவர் நனைந்தது அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது. நினைத்துக்கொண்டு நின்றதில் கண் கலங்கிவிட்டது. சண்டை போட வந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு, இஞ்சினியர் இன்னமும் குடியிருந்த பின்கட்டுக்கு நடந்தார்.

இஞ்சினியர் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் மெஷின். மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகுதான் வந்தவர் யார் என்றே புரிந்தது. கம்ப்யூட்டரில் எழுதுவது நீங்கள்தானா என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரா, எனக்கு டிவி சத்தமே கேட்கிறதில்லை என்றார். கடைக்காரருக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அஞ்சாவது பாட்டுல ஒரு மூச்சு இருக்குதே, ஞாபகம் இருக்கா?" என்று காதருகே போய்க் கேட்டார்.

இஞ்சினியரின் முகம் மலர்ந்துவிட்டது. "மறப்பேனா? வெட்டி எடுத்துடறேன்னு சொன்னேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க உங்க வீட்டம்மா. ஏன்னு கேட்டா வெறுமனே சிரிச்சாங்க."

ஏன் என்று கடைக்காரருக்குத் தெரியும். வயிற்றில் அப்போது மகள் இருந்தாள். அந்த வரியின் நடுவில்தான் முதல் தடவையாக உதைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே குடைக்குள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு மனைவி அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்ததோடு சரி.

கடைக்குத் திரும்பியவர் இசைப்பித்தனையும் தாயையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழித்தார். 'பாடகியின் கணவன்' என்று புதிதாக ஒரு பெயர் வைத்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதால் விரல் தயங்கியது.

'கூர்காது அவர்களே, அந்த மூச்சில் குறை இல்லை. எங்கள் மகள் உள்ளே இருந்து உதைத்த இடம் அது. நான் அன்று வெளியே படியில் உட்கார்ந்து கேட்டேன். அப்படி ஒரு குரலை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. எப்படி இருந்தது என்று அவள் கேட்டபோது, பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, பரவாயில்லை என்று சொன்னேன். அவள் பாட்டை நிறுத்தியதற்குப் பத்திரிகை ஒரு காரணம் என்றால் என் வாய் இன்னொரு காரணம். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் திரும்பவும் பாட வேண்டும். முதல் ஆளாக நான் கேட்க வேண்டும்.'

அனுப்பிவிட்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி வீட்டுக்குப் போனார். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் மனைவி எதையும் படித்துக் காட்டவில்லை. போன் கண்ணிலேயே படவில்லை. போச்சு, மானத்தை வாங்கிவிட்டோம், நாளைக்கே ஆல்பத்தை எடுக்கச் சொல்வாள் என்று புரண்டு புரண்டு படுத்தார்.

காலையில் அவரை எழுப்பியது ஒரு பாட்டு. அடுப்படியிலிருந்து, முணுமுணுப்பாக இல்லாமல், முழுக் குரலில், ஐந்தாவது பாட்டு. உச்சத்துக்குப் போகும்போது சற்றே பிசிறடித்தது, விடாமல் ஏறியது. கடைக்காரர் பல் தேய்க்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி நடையிலேயே நின்றுவிட்டார். பாத்திரம் விளக்குகிற சத்தம்கூடத் தாளத்தோடு வந்தது. பாட்டு முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருந்தது" என்று சொன்னார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அவள் திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டினாள். காதோரம் சிவந்திருந்தது.

இனி அந்தப் பயல் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை. இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. குளித்து முடித்ததும் மாடிப்படி ஏறிப் போனார். மகள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கூர்காது ஏதாவது பதில் போட்டிருக்கானாம்மா?" என்று கேட்டார்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இனிமே போட மாட்டாங்கப்பா, உங்க வாயால கேட்க நினைச்சதைக் கேட்டாச்சாம், அந்தப் பேரை அழிச்சுடுன்னு அம்மா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க."