ஜீப் கிளம்பினால்தான் பெரியவர் கிளம்புவார்

"ஓடுச்சாடா?"

படுக்கையறை ஜன்னல் வழியே பெரியவரின் குரல் வந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மகன், "இன்னும் இல்லப்பா" என்றான்.

"அப்ப நான் எப்படிடா போறது?"

போவது என்றால் கடைத்தெருவுக்கு அல்ல. டாக்டர் கையை விரித்துவிட்டார்; கூடவே இருந்து கவனிக்க ஒரு நர்ஸும் வந்துவிட்டாள். மலைப்பாதையில் வாழ்நாளெல்லாம் ஓட்டிய ஜீப்பிலேயே தன்னை மேலே கொண்டுபோய், மனைவிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அதுதான் பெரியவரின் கடைசி ஆசை. "இன்ஜின் சத்தம் காதுல விழுந்துட்டா நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்" என்று அறிவித்திருந்தார். மெக்கானிக்கையும் கூப்பிடக் கூடாது. "வெளியாள் கை வச்சான்னா எழுந்து வந்து உதைப்பேன்."

மகன் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். ஸ்பேனரைப் பேனா மாதிரி பிடிப்பான். பிள்ளையாய்ப் பிறந்த கடனுக்கு இறங்கிவிட்டான்.

புது பிளக்கைக் கோணலாக முறுக்கி மரையைக் கெடுத்தான். மரையைச் சரிசெய்யப் போய்ப் பெட்ரோல் குழாயை உடைத்தான். கார்புரேட்டரைப் பால் சட்டியில் போட்டுக் கழுவினான். அன்றிலிருந்து வீட்டில் காப்பியும் பெட்ரோலாய் மணத்தது.

"உங்கப்பா போறதுக்குள்ள நாங்க போய்ச் சேர்ந்துடுவோம்" என்றாள் அவன் மனைவி.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் திறந்து பார்த்தான். உள்ளே உடைந்ததாகவோ கருகியதாகவோ எதுவும் இல்லை. திருப்தியாக மூடினான். பிறகு பேட்டரி வயரை மாற்றி மாட்டி, நன்றாயிருந்த வயர்களையும் கருக்கினான்.

வயர் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனான்.

"இந்த மாடலா?" கடைக்காரர் சிரித்தார். "இதுகூடப் பொறந்ததெல்லாம் உருகிக் கடப்பாரையா ஆயிடுச்சே சார். அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"ஜீப்புக்காக உயிரைக் கையில பிடிச்சிட்டிருக்கார்."

"அப்ப பார்த்து ரிப்பேர் பண்ணுங்க."

அவர் கொடுத்த வயரை மாட்டினான். சாவியைத் திருப்பினான். ஹாரன் மட்டும் நிற்காமல் அலறியது. தெருவே கூடிவிட்டது.

"ஓடுச்சாடா?"

"இல்லப்பா."

பெரியவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "சரி, விதி. நர்ஸம்மா, இன்னொரு கிண்ணம் கஞ்சி கொண்டா."

அந்தப் பெருமூச்சு மகனின் நெஞ்சை அறுத்தது. பெற்றவரின் கடைசி ஆசையைக்கூட நிறைவேற்ற முடியாத பிள்ளை எதற்கு? லீவு போட்டு ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தான். டாக்டர் சொன்ன கெடு தாண்டிப் போனது. "ஏதோ ஒரு ஏக்கம்தான் இழுத்து வச்சிருக்கு" என்றார் டாக்டர். மகன் இன்னும் வேகமாக முறுக்கி, இன்னும் இரண்டு போல்ட்டை உடைத்தான்.

ஒரு காலையில் "ஓடுச்சாடா?" என்ற குரல் வரவில்லை.

பெரியவரை ஜீப்பில்தான் ஏற்றினார்கள். முன்னால் ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்தது. செத்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகன் வழியெல்லாம் அழுதான். பாதி மலையில் கயிறும் அறுந்தது. மீதி ஏற்றத்துக்கு ஊரே தோள் கொடுத்துத் தள்ளியது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது, நர்ஸ் பையோடு வாசலில் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார்" என்று அவன் கையில் ஒன்றை வைத்தாள். கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு, உச்சியில் பித்தளைத் தகடு.

"என்ன இது?"

"ரோட்டராம் சார். அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருந்தது. இது இல்லாம வண்டி கிளம்பாதாம்."

"உன்கிட்ட எப்படி வந்தது?"

"நான் வந்த முதல் நாளே ஐயாதான் கழற்றிட்டு வரச் சொல்லித் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டார். 'வண்டி ஓடிட்டா நான் சாகணும்மா. மேல படுத்திருக்கிறவ காத்திருந்து பழகினவதான், இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்'னார்."