தேசாரு கடலில் எனக்கு வந்த அருள்

பதற்றக்காரர்களில் இரண்டு வகை உண்டு. பதறினால் கை கால் ஓடாதவர்கள் ஒரு வகை. பதறினால் கை கால் மட்டும் ஓடி, மூளை வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகைக்கு ஜொகூர் மாநிலப் பிரதிநிதி. தரையில் இருக்கும்வரை இதனால் பெரிய சேதம் ஒன்றும் ஏற்படவில்லை. கடலில் இறங்கியபோதுதான் மானம் போனது.

எல்லாம் என் மனைவி கலாவின் சைக்கிளில் ஆரம்பித்தது. கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், வார இறுதியிலாவது ஓய்வெடுப்பாள் என்று பார்த்தால், விடிவதற்குள் சைக்கிளோடு கிளம்பிவிடுவாள். ஒருநாள் ஒரு டிரையத்லான் போட்டியில் எங்களைப் பதிந்துவிட்டு வந்தாள். மூன்று பேர் கொண்ட குழு. சைக்கிள் அவள். ஓட்டம் அவள் தம்பி சுகு. நீச்சல் நான். (எனக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தேன். பெண் பார்க்கும் நேரத்தில் யார்தான் உண்மை பேசுகிறார்கள்?)

விதி எளிமையானது. நீந்துகிறவன் கணுக்காலில் நேரம் கணக்கிடும் ஒரு சிப் பட்டை கட்டியிருப்பான். கரையேறி ஓடிவந்து அதை சைக்கிள்காரியிடம் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் அவள் சைக்கிளை நகர்த்தவே முடியாது. மாதக்கணக்கில் அவள் மிதித்ததெல்லாம் வீண்.

"என்னங்க, நீங்க மொத ஆளா வர வேணாம். நேரத்துக்கு வந்தா போதும்" என்றாள் கலா, மிக அன்பாக. அன்றோடு என் தூக்கம் போனது.

பயிற்சிக்குச் சேர்ந்தேன். கோச் ஐனா என் வயதில் பாதிகூட இல்லாத மலாய்ப் பெண். செனாய் தொழிற்சாலையில் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் குவாலிட்டி சூப்பர்வைசரான என்னிடம், முதல் நாளே அவள் கண்டுபிடித்த குறைகள் ஏராளம். குளத்தின் முதல் நீளத்தை ராக்கெட் மாதிரி நீந்துவேன். இரண்டாவதில் மூச்சு வாங்கும். மூன்றாவதில் நான் நீந்துகிறேனா மிதக்கிறேனா என்று பக்கத்துத் தடத்துக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

"அங்கிள், பெலான்-பெலான்!" என்று கரையிலிருந்து கத்துவாள். மெதுவாக, மெதுவாக.

"மெதுவாப் போனா எப்படி வேகம் வரும்?"

"எல்லா ரவுண்டும் ஒரே நேரத்துல முடிங்க. அது பழகுனா, எல்லாத்துலயும் ஒரு செகண்ட் குறைப்போம். வேகம் அப்படித்தான் வரும், அங்கிள்" என்றாள் மலாயில். நீச்சல் தொப்பிக்குள் வைத்துக்கொள்ள டிக் டிக் என்று சத்தமிடும் ஒரு சின்னக் கருவி தந்தாள். கை போட வேண்டிய கணக்கை அது சொல்லுமாம். எனக்கோ அது வெடிக்கப்போகும் குண்டு மாதிரி கேட்டு இன்னும் பதறவைத்தது. கடைசியில் அலுத்துப்போய், "மனசுக்குள்ள ஏதாச்சும் ஒரு பாட்டு வச்சுக்குங்க, நிதானமான தாளமா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறுமி மேளம் நினைவுக்கு வந்தது. தைப்பூசத்தில் காவடி கிளம்பும்போது அடிப்பார்களே, அந்த ஆரம்பத் தாளம். ஓர் அடிக்கு ஒரு கை. அற்புதமாக வேலை செய்தது. எல்லா நீளமும் ஒரே நேரத்தில் முடிந்தது. பிறகு தாளத்தை மனதுக்குள் ஒரு பொட்டு கூட்டினேன், வேகமும் ஒரு பொட்டு கூடியது. ஐனா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். மகிழ்ச்சியில் இந்த ரகசியத்தை மச்சான் சுகுவிடம் சொன்னேன். சுகு குலாய் பக்கத்துக் கோயில் ஒன்றின் உறுமிக் குழுவில் இருக்கிறான் என்பதை அந்த நேரத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

போட்டி நாள் காலை தேசாரு கடற்கரையின் கழிவறை வரிசையில் திரும்பத் திரும்ப நின்றதில் அங்கிருந்தவர்களெல்லாம் பழக்கமாகிவிட்டார்கள். கலா சைக்கிளருகே ஹெல்மெட்டோடு தயாராக நின்றாள். அவள் இடத்தை விட்டு நகரக்கூடாது. கையை மட்டும் ஆட்டினாள். அவள் முகத்திலிருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் மறுபடியும் கழிவறைக்கே ஓடலாமா என்றிருந்தது.

ஊதல் ஊதினார்கள். இறங்கினேன். பெலான்-பெலான். மனதுக்குள் தாளம். கை, மூச்சு, கை, மூச்சு. எல்லாம் சரியாகவே போனது. கரையை ஒட்டிய பாதைக்குத் திரும்பினேன். மூச்சுக்குத் தலையைத் திருப்பியபோது அதே தாளம் வெளியிலிருந்தும் கேட்டது.

கரையில் சுகுவின் உறுமிக் குழு முழுவதும் நின்றது! எனக்கு ஆச்சரியம் தரவேண்டும் என்று வேன் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறான். பக்கத்தில் செடெனாக்கிலிருந்து வந்திருந்த மாமியார் வேறு.

உறுமி ஒரு தாளத்திலேயே நிற்காது. கூட்டம் சேரச் சேர ஏறும். சுற்றுலா வந்தவர்களெல்லாம் போனைத் தூக்கிப் படமெடுக்க, தாளம் ஏறியது. மாதக்கணக்கில் அந்த அடிக்கு அசையப் பழகிய என் கைகள் யாரையும் கேட்காமல் கூடவே ஏறின. ஒருவரை முந்தினேன். பிறகு ஒரு கூட்டத்தையே முந்தினேன். ஆகா, நானா இது என்று பூரித்தேன். அடுத்த மிதவையைத் தாண்டியபோது பூரிப்பு முடிந்து, மூச்சும் முடிந்தது. ரோந்து வந்த கயாக் படகைப் பிடித்துத் தொங்கினேன். நேரம் போகிறது, கலா நிற்கிறாள், நேரம் போகிறது என்பதைத் தவிர தலைக்குள் வேறொன்றும் ஓடவில்லை.

தாளத்தை நிறுத்தச் சொல்லிக் கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.

காவடி எடுக்கிறவர் அப்படிக் கையைத் தூக்கி ஆட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அலமாக்! மாமாவுக்கு அருள் வந்துருச்சுடா! வுடாதீங்க, அடிங்க!" என்ற சுகுவின் குரல் கடல் வரைக்கும் கேட்டது.

எப்படியோ ஐனாவின் குரலை மட்டும் நினைத்துக்கொண்டு, பெலான்-பெலான் என்று முனகிக்கொண்டே கரையேறினேன். நேரம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கலாவிடம் ஓடிவிடலாம். தள்ளாடியபடி முதல் அடி வைத்தேன். எதிரே மாமியார். கைப்பையில் திருநீறும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. நெற்றி நிறையப் பூசிவிட்டு, "சாமி, யாரு வந்திருக்கீங்க?" என்று பயபக்தியோடு கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முழு எலுமிச்சம்பழத்தையும் உள்ளே திணித்துவிட்டார்.

"க...ளா... க...ளா..." என்றேன், கணுக்காலைக் காட்டி.

"காளி! காளியாத்தா வந்திருக்கா!" மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். உறுமி உச்சத்துக்குப் போனது. நான் திமிறினேன்.

"விட்டா ஓடிருவாரு, புடிங்கடா!" சுகு பின்னாலிருந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கலாவிடம் ஓடுவதற்குத்தானே கரையேறினேன்!

பிய்த்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பாதையை அடைத்துவிட்டிருந்தார்கள். ஓர் அதிகாரி மிகவும் பணிவாகக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கலா சிப்பை வாங்க நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே உறுமிக் குழுவோடு வந்த மாமியார், "கலா! உம் புருஷனுக்குக் காளி வந்திருக்காடி!" என்றார்.

கலா என் நெற்றியைப் பார்த்தாள். வாயிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"யாரும் வரலம்மா. நேரத்துக்கு யாருமே வரல."

திரும்பும் வழியில் செடெனாக்கில் மாமியாரை இறக்கிவிட்டபோது அவர் மெதுவாக, "மாப்பிள்ளை, அந்தப் பழத்த என்ன செஞ்சீங்க? சாமி கடிச்ச பழம், பூஜையில வைக்கணும்" என்றார். கலா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் சிரித்த பிறகுதான் என் மூச்சு சரியானது.

இப்போது கலாவே ஐனாவிடம் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். தாளம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லையாம். அடுத்த போட்டியில் மூன்றையும் தனியாகச் செய்யப்போகிறாள். கரையில் சுகுவின் பக்கத்தில் நின்று அவன் உறுமியை எடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பொறுப்பு.

சுகு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் நான் ஓவர்டைம் முடிந்து தாமதமாக வந்து மணியடித்தால், கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்கும்: "சாமி, யாரு வந்திருக்கீங்க?"

"காளி" என்று சொன்னால்தான் தாழ்ப்பாள் திறக்கும். சொல்லிவிடுவேன்.

உடனே சமையலறையிலிருந்து கலா கேட்பாள்: "நேரத்துக்கு வந்திருக்காளான்னு கேளு!"